நைஜல் கிறெஸ்லியின் எஞ்சின்களும் திகதியில்லாத புகைப்படங்களும்

பழைய புகைப்படம் ஒன்று கையில் கிடைத்தால் நாங்கள் முதலில் செய்வது அதைத் திருப்பிப் பார்ப்பதுதான். பின்பக்கத்தில் ஸ்ரூடியோவின் முத்திரையோ, பேனையால் எழுதிய ஒரு வருடமோ இருந்தால் அதிர்ஷ்டம். பல இடப்பெயர்வுகளைத் தாண்டி எங்கள் வீட்டில் மிஞ்சிய படங்கள் பதினொன்று. அவற்றில் ஒன்றில் அம்மப்பா வேட்டி சால்வையுடன் ஒரு நீராவி எஞ்சினுக்கு முன்னால் நிற்கிறார். பின்பக்கம் வெறுமை. அது எந்த ஸ்ரேஷன், எந்த ஆண்டு என்று சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது இல்லை.

இலங்கையில் ஓடிய நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை பிரித்தானியத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தவை. ஆகவே அந்தப் படத்துக்கு வழி தேடி நான் போய்ச் சேர்ந்த இடமும் பிரித்தானியாதான். அங்கே பழைய எஞ்சின் படங்களைப் பார்த்து, இது இன்ன எஞ்சின், இன்ன மாதத்துக்கும் இன்ன மாதத்துக்கும் இடையில் எடுக்கப்பட்டது என்று சொல்வதையே வாழ்நாள் பழக்கமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முகங்களை அவர்கள் பார்ப்பதில்லை. புகைபோக்கி, இலக்கம், வர்ணம், நிலக்கரி வண்டியில் உள்ள எழுத்து, சில்லுகளை மூடிய தகடு ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். இந்தக் கலையைப் படிக்க விரும்புகிறவருக்கு ஒரு மனிதரின் எஞ்சின்களே போதுமான பள்ளிக்கூடம். அவர் சேர் நைஜல் கிறெஸ்லி. உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட நீராவி எஞ்சின்களில் இரண்டு, 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்', 'மலார்ட்' ஆகியவை, அவருடைய வடிவமைப்புகள்.

ஹேர்பேர்ட் நைஜல் கிறெஸ்லி 1876 ஜூன் 19ஆம் திகதி எடின்பரோவில் பிறந்தார். ஆனால் அவர் ஸ்கொட்லாந்துக்காரர் அல்லர். கர்ப்பத்தில் சிக்கல் ஏற்பட்டதால் தாயார் வைத்திய ஆலோசனைக்காக அந்த நகருக்குப் போயிருந்த இடத்தில் பிள்ளை பிறந்தது. வளர்ந்தது இன்று டேர்பிஷயரில் இருக்கும் நெதர்சீல் என்ற கிராமத்தில். தகப்பனார் அங்கே மதகுரு. மார்ல்பரோ கல்லூரியில் படிப்பை முடித்த பையன் பல்கலைக்கழகம் போகாமல், 1893இல், 17 வயதில், குறூ நகரின் ரயில்வே வேலைத்தளத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். மதகுரு வீட்டுப் பிள்ளை எண்ணெயும் கரியும் படிந்த உடுப்போடு வேலை பழகியது அங்கேதான். பிறகு ஹோர்விச் வேலைத்தளம், பிளக்பூலில் எஞ்சின் கொட்டகைப் பொறுப்பு என்று படிப்படியாக மேலே வந்தார். 1901இல் எதெல் புல்லகர் என்பவரை மணமுடித்தார்.

1905இல் கிரேட் நோர்தேர்ன் ரயில்வே அவரைப் பெட்டிகளுக்குப் பொறுப்பான அதிகாரியாக எடுத்தபோது வயது 29. ஆக, உலகம் எஞ்சின்காரராக நினைவில் வைத்திருக்கும் இவர் பெயரெடுத்தது முதலில் பயணிகள் பெட்டிகளில்தான். இரண்டு பெட்டிகளின் முனைகளை ஒரே சில்லுத்தொகுதியின்மேல் தாங்க வைத்து, எடையைக் குறைத்து ஆட்டத்தையும் குறைத்தார். ஓடும் உணவுப்பெட்டியில் மின்சார அடுப்பில் சமைக்கும் ஏற்பாட்டையும் 1921இல் கொண்டுவந்தார். 1911இல் ஹென்றி ஐவற் ஓய்வுபெற, எஞ்சின் பிரிவின் தலைமை கிறெஸ்லியிடம் வந்தது. டொன்காஸ்டர் வேலைத்தளம் அவருடைய தளமானது.

முதலாம் உலகப்போர் வந்தது. எஞ்சின் செய்யும் வேலைத்தளம் வெடிபொருள் பாகங்கள் செய்யத் தொடங்கியது. அந்த ஆண்டுகளின் சேவைக்காக 1920இல் அரச விருதும் கிடைத்தது. அதே காலத்தில்தான் அவர் மூன்று சிலிண்டர் எஞ்சின் பற்றிய யோசனையில் இறங்கியிருந்தார். இரண்டு பக்கமும் வெளியே தெரியும் இரண்டு சிலிண்டர்கள். மூன்றாவது நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். நடுச் சிலிண்டரின் வால்வை இயக்கத் தனியாக ஒரு பொறியை வைக்காமல், வெளியே உள்ள இரண்டின் அசைவையும் நெம்புகோல்களால் சேர்த்து அதற்குக் கொடுத்தார். கெட்டித்தனமான ஏற்பாடு. நன்றாகப் பராமரித்தால் அருமையாக வேலை செய்யும். பராமரிப்பில்லாமல் மூட்டுகள் தேய்ந்தால் நடுச் சிலிண்டர் அளவுக்கு மீறி உழைத்துச் சூடாகும். இந்தப் பலவீனம் பிற்பாடு இன்னொரு போரில் வெளியே வரும்.

1922இல் டொன்காஸ்டரிலிருந்து அவருடைய முதல் பசிபிக் வகை எஞ்சின் வெளியே வந்தது. இலக்கம் 1470, பெயர் 'கிரேட் நோர்தேர்ன்'. அடுத்த ஆண்டு ஜனவரி முதலாம் திகதி பிரித்தானியாவின் ரயில் கம்பனிகள் நான்கு பெரும் நிறுவனங்களாக இணைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான லண்டன் அன்ட் நோர்த் ஈஸ்டேர்ன் ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியியலாளர் பதவி கிறெஸ்லிக்கு வந்தது. அந்தப் புதிய நிறுவனத்தில் 1923 பெப்ரவரியில் சேவைக்கு வந்த எஞ்சின் 1472. பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான்.

படம் பார்ப்பவர்களின் வேலை இங்கே தொடங்குகிறது. 1924 தொடக்கத்தில் இந்த எஞ்சின் 4472 ஆனது. 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்' என்ற பெயரும் கிடைத்தது. அந்த ஆண்டு வெம்பிளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில், ஓட்டுநர் அறையின் பக்கத்தில் கம்பனியின் சின்னத்தோடு பளபளவென்று நின்றது. ஆக 1472 என்று தெரிந்தால் அது முதலாவது வருடத்துப் படம். டெண்டர் எனப்படும் நிலக்கரி வண்டியில் கம்பனியின் முதலெழுத்துகளுக்கிடையில் 'அன்ட்' குறியும் இருந்தால், அந்த வருடத்துக்குள்ளும் ஆரம்ப மாதங்கள். அந்தக் காலத்தில் இலக்கம் பெரிதாக டெண்டரில் எழுதப்பட்டது. 1929 அளவில் அது ஓட்டுநர் அறையின் பக்கத்துக்கு மாறியது.

1928 மே முதலாம் திகதி லண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்திலிருந்து எடின்பரோ வரை, 392 மைல், எங்கும் நிற்காமல் 4472 ஓடியது. அத்தனை தூரம் ஒரே ஓட்டுநரால் முடியாது. வழியில் ஆள் மாற வேண்டும், வண்டி நிற்கவும் கூடாது. கிறெஸ்லி டெண்டரின் ஒரு பக்கமாக ஒரு ஒடுங்கிய நடைவழி வைத்தார். பின்னால் பெட்டியில் இருந்த மாற்று ஆட்கள் அதன் வழியாக எஞ்சினுக்கு வந்தார்கள். அந்த வழியின் அகலத்தைத் தீர்மானிக்க அவர் தன் வீட்டில் கதிரைகளைச் சுவரோடு வரிசையாக அடுக்கி, இடையில் நுழைந்து பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். ஆள் நல்ல பருமன். அவர் போக முடிந்தால் யாரும் போகலாம். படத்தில் அந்த நடைவழி டெண்டர் தெரிந்தால் 1928க்கு முந்தையது அல்ல என்று அறியலாம். ஆனாலும் டெண்டரை மட்டும் நம்பக்கூடாது. வேலைத்தளத்துக்குப் போகும்போது ஒன்றின் டெண்டர் இன்னொன்றுக்குப் போவது சாதாரணம்.

இலக்கங்களின் கதை இன்னும் முடியவில்லை. 1946 ஜனவரியில் அது 502 ஆனது. அதே ஆண்டு மே மாதம் 103. ஆகவே 502 என்ற இலக்கத்தோடு ஒரு படம் கிடைத்தால் அது ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குள் அடங்கிவிடும். கிடைத்தவர் கொண்டாடுவார். 1948இல் ரயில்வே அரசுடைமையானது. அந்த ஆண்டின் முதல் மாதங்களில் மட்டும் சில எஞ்சின்களின் இலக்கத்துக்கு முன்னால் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. பிறகு பழைய இலக்கத்தோடு 60,000 கூட்டப்பட்டது. 103 என்பது 60103 ஆனது. எஞ்சினின் நெற்றியில், புகைப்பெட்டிக் கதவில், வார்ப்பு இலக்கத்தகடு வந்ததும் அப்போதுதான். டெண்டரில் சில்லின்மேல் நிற்கும் சிங்கம் இருந்தால் 1956க்கு முந்திய வடிவம். கிரீடத்திலிருந்து எழும் சிங்கம் என்றால் பிந்தியது. 1959 ஜனவரியில் இரட்டைப் புகைபோக்கி. 1961 இறுதியில் ஜேர்மன் பாணியில் இரு பக்கமும் புகைவிலக்கித் தகடுகள். 1963 ஜனவரியில் சேவையிலிருந்து ஓய்வு.

இவ்வளவும் தெரிந்தாலும் ஏமாறலாம். அலன் பெக்லர் என்ற வியாபாரி 3,000 பவுணுக்கு அதை வாங்கி, மறுபடியும் இளம்பச்சை பூசி, 4472 என்ற இலக்கத்தையும் ஒற்றைப் புகைபோக்கியையும் திருப்பிக் கொடுத்தார். ஆகவே 1960களில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படமொன்று 1930களின் படம்போலவே இருக்கும். அப்போது புகைப்பெட்டியின் மேற்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் சிறிய மூடிபோன்ற புடைப்பு தெரிந்தால், 1947இல் மாற்றப்பட்ட புதிய கொதிகலன் அதில் இருக்கிறது. இலக்கம் 1930களைச் சொல்கிறது, கொதிகலன் மறுக்கிறது. 1966க்குப் பிறகு எடுத்ததென்றால் பின்னால் இரண்டாவது டெண்டர் ஒன்றும் இணைந்திருக்கும், அது தண்ணீருக்காக.

இன்னொரு பொறி உண்டு. அதில் நானும் விழுந்திருக்கிறேன். 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்' என்பது எஞ்சினின் பெயர் மட்டும் அல்ல. தினமும் காலை 10 மணிக்கு லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் புறப்பட்ட வண்டியின் பெயரும் அதுவே. எங்கள் யாழ்தேவி மாதிரி. எந்த எஞ்சின் இழுத்தாலும் யாழ்தேவிதான். ஆகவே எஞ்சினின் முன்னால் அந்தப் பெயர்ப்பலகை தொங்கினால், அது இழுத்துச்செல்லும் வண்டியின் பெயர். எஞ்சினின் சொந்தப் பெயர் சில்லுக்குமேல் வளைந்த தகட்டில் இருக்கும். விற்பனைக்கு வரும் எத்தனையோ படங்களில் இந்தப் பிழை இன்றும் அச்சாகிறது.

1929இல் மனைவி எதெல் இறந்தார். அதன்பின் கிறெஸ்லி சென்ற் அல்பன்ஸ் பக்கத்தில் சோல்ஸ்பரி ஹோல் என்ற பழைய மாளிகைக்குக் குடிபோனார். வீட்டைச் சுற்றி அகழி, அகழியில் தாரா. அந்தக் குளத்துப் பறவைகள்தான் அவருடைய அடுத்த எஞ்சின்களுக்குப் பெயர் கொடுத்தன என்று சொல்வார்கள். வேலையில் அவர் கண்டிப்பானவர், ஆனால் பிடிவாதக்காரர் அல்லர். 1925இல் போட்டிக் கம்பனியின் சிறிய எஞ்சின் ஒன்று அவருடைய தண்டவாளத்திலேயே குறைந்த நிலக்கரியில் ஓடிக் காட்டியபோது, அதைப் பார்த்துத் தன் எஞ்சின்களின் வால்வு அமைப்பைத் திருத்தினார். எனக்கு அவரிடம் பிடித்த விடயம் இதுதான். தோற்ற இடத்தில் படித்தார்.

1935 செப்டெம்பரில் 'சில்வர் லிங்க்' வந்தது. முன்பக்கம் ஆப்புபோலச் சரிந்து, சில்லுகளை மூடிய தகடுகளோடு, முழுக்க வெள்ளிச் சாம்பல் நிறம். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளிவிழா ஆண்டில் லண்டனையும் நியூகாசிலையும் நான்கு மணித்தியாலத்தில் இணைக்கும் வண்டிக்கான எஞ்சின் அது. செப்டெம்பர் 27ஆம் திகதி பத்திரிகையாளர்களை ஏற்றிப்போன ஓட்டத்தில் மணிக்கு 112 மைலைத் தாண்டியது. இந்த வகையில் மொத்தம் 35 எஞ்சின்கள் செய்யப்பட்டன. வெள்ளி நிறம் முதல் நான்குக்கு மட்டும். பின்னர் நீலம் வந்தது, சில்லுகள் கடும் சிவப்பு.

இங்கே கறுப்பு வெள்ளைப் படம் ஒரு பொய் சொல்லும். அந்நாளைய பழைய வகைப் பிலிம் நீலத்தை வெளிறலாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் காட்டும். நீல எஞ்சின் சாம்பல்போல விழும். சிவப்புச் சில்லு கரியாகத் தெரியும். வேலைத்தளத்திலிருந்து வெளிவரும் புத்தம்புது எஞ்சினை, படத்தில் பாகங்கள் தெளிவாக விழவேண்டும் என்பதற்காகவே சாம்பல் நிறம் பூசிப் படமெடுத்துவிட்டுப் பிறகு உண்மையான வர்ணம் பூசும் வழக்கமும் இருந்தது. நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

1936இல் கிறெஸ்லி 'சேர்' பட்டம் பெற்றார். 1937இல் அவர் வடிவமைத்த பசிபிக் எஞ்சின்களின் நூறாவதுக்கு, இலக்கம் 4498க்கு, அவருடைய பெயரையே வைத்தார்கள். நவம்பர் 26ஆம் திகதி மேரிலபோன் நிலையத்தில் பெயர்சூட்டு விழா. அதே ஆண்டு ஐந்து எஞ்சின்களுக்குப் பேரரசின் நாடுகளின் பெயர்கள் வந்தன. 'எம்பயர் ஒப் இந்தியா' என்றும் ஒன்று. இந்தியா சுதந்திரமடைந்து 17 வருடங்கள் அந்தப் பெயர்த்தகட்டோடேயே ஓடி, 1964இல்தான் அது சேவையிலிருந்து எடுக்கப்பட்டது. பெயர்த்தகட்டை வைத்து அரசியலைத் திகதியிட முடியாது என்பதற்கு நல்ல உதாரணம்.

1938 மார்ச்சில் டொன்காஸ்டரிலிருந்து அடுத்தடுத்து இரண்டு எஞ்சின்கள் வெளிவந்தன. 4468, 'மலார்ட்'. 4469, 'கட்வோல்'. இரண்டுமே தாரா இனப் பெயர்கள். மலார்ட்டுக்கு இரட்டைப் புகைபோக்கி இருந்தது. ஜூலை 3ஆம் திகதி ஸ்ரோக் சரிவில், ஓட்டுநர் ஜோ டடிங்டனும் தீயாளர் ரொமி பிறேயும் அதை மணிக்கு 126 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 203 கிலோமீற்றருக்கு, கொண்டுபோனார்கள். நீராவி எஞ்சினின் உலக சாதனை. இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. முடிவில் அந்த நடுச் சிலிண்டரின் தண்டு தாங்கி அளவுக்குமீறிச் சூடாகி, எஞ்சின் பீற்றர்பரோவில் கழற்றப்பட்டது. சாதனையைச் சொல்லும் தகடு அதன் பக்கத்தில் பொருத்தப்பட்டது 1948இல்தான். ஆகவே தகடு தெரியும் மலார்ட் படம் எதுவும் சாதனைக் காலத்துப் படம் ஆகாது.

பதினான்கு மாதங்களில் போர் வந்தது. வேகவண்டிகள் ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. லண்டன் நிலையங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். 1940இல், எதிரி இறங்கினால் எங்கே நிற்கிறோம் என்று தெரியக்கூடாது என்பதற்காக, ஸ்ரேஷன்களின் பெயர்ப்பலகைகளைக் கழற்றினார்கள் அல்லது மறைத்தார்கள். படமெடுப்பதற்குக் கட்டுப்பாடு, பிலிமுக்குத் தட்டுப்பாடு. கமெராவோடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பொலிஸ் விசாரிக்கும். இதையெல்லாம் எங்கள் வாசகர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதனால்தான் அந்த வருடங்களின் எஞ்சின் படங்கள் குறைவு. கிடைப்பவற்றில் இடம் தெரிவதும் குறைவு.

ஆனால் எஞ்சின்களிலேயே போர் எழுதப்பட்டிருக்கிறது. பழுதுபார்க்க ஆளும் நேரமும் இல்லாததால், சில்லுகளை மூடியிருந்த அழகான தகடுகளை வெட்டி எடுத்தார்கள். அவை திரும்பி வரவேயில்லை. நீலமும் பச்சையும் போய் எல்லாம் கறுப்பு. 1942இலிருந்து டெண்டரில் கம்பனியின் நான்கு எழுத்துகள் இரண்டாகச் சுருங்கின. வர்ணமும் மிச்சம், வேலையும் மிச்சம். கறுப்பு எஞ்சின், இரண்டு எழுத்து, வெளியே தெரியும் சில்லுகள் என்று இருந்தால் வேறு எந்தச் சான்றும் வேண்டாம்.

கிறெஸ்லி அதில் பாதியையும் பார்க்கவில்லை. இதயம் ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்தது. ஓய்வுபெறச் சில மாதங்களே இருக்க, 1941 ஏப்ரல் 5ஆம் திகதி, ஹேர்ட்பர்ட்ஷயரில் இருந்த வீட்டில் காலமானார். 64 வயது. நெதர்சீல் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். அவருக்குப்பின் வந்த எட்வேர்ட் தொம்சன், போர்க்காலப் பராமரிப்பில் தேய்ந்துபோன நடுச் சிலிண்டர் ஏற்பாட்டைச் சரியாகவே குறை சொன்னார். ஆனால் 1945இல் மாற்றிக் கட்டுவதற்கு அவர் தெரிவுசெய்த எஞ்சின், கிறெஸ்லியின் முதல் பசிபிக்கான 'கிரேட் நோர்தேர்ன்' என்பதைக் கிறெஸ்லியின் ஆட்கள் மன்னிக்கவே இல்லை. எனக்கும் அது தேவையில்லாத வேலையாகவே படுகிறது. எடுக்க வேறு எஞ்சின்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தன.

2016 ஏப்ரல் 5ஆம் திகதி, இறந்து 75 வருடம் நிறைந்த நாளில், கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் அவருக்குச் சிலை திறந்தார்கள். முதல் திட்டத்தில் சிலையின் காலடியில் ஒரு தாரா இருந்தது. பேரர்கள் அது தாத்தாவைச் சிறுமைப்படுத்தும் என்று ஆட்சேபித்தார்கள். பெரிய வாக்குவாதம் நடந்து, தாரா இல்லாமலே சிலை நிற்கிறது.

இனி அந்த 4469. 'கட்வோல்' என்ற பெயரோடு அது ஓடியது ஒரு வருடம் மட்டுமே. 1939 மார்ச்சில், கம்பனியின் பொது முகாமையாளர் ஓய்வுபெற்றதை ஒட்டி, அதற்கு 'சேர் ரல்ப் வெட்ஜ்வூட்' என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். 1942 ஏப்ரல் 29ஆம் திகதி அதிகாலை ஜேர்மன் விமானங்கள் யோர்க் நகரில் குண்டு வீசின. ஸ்ரேஷன் எரிந்தது. பக்கத்து எஞ்சின் கொட்டகையில் நின்ற 4469இன்மேல் குண்டு விழுந்தது. அதன் டெண்டரை மட்டும் மீட்டுத் திருத்தி, பின்னர் வேறொரு எஞ்சினுக்குக் கொடுத்தார்கள். 35 எஞ்சின்களில் போரில் அழிந்தது அது ஒன்றுதான். 1944 ஜனவரியில், 'ஹெரிங் கல்' என்ற பெயரோடு ஓடிய 4466க்கு, அழிந்துபோனதன் பெயர் கொடுக்கப்பட்டது.

ஆகவே 'சேர் ரல்ப் வெட்ஜ்வூட்' என்ற பெயர் தெரிந்து இலக்கம் தெரியாத படம் வந்தால், சில்லுகளைப் பார்க்க வேண்டும். மூடுதகடு இருந்தால் அது அழிந்துபோன எஞ்சின்தான். ஏனென்றால் பெயரை வாங்கிக்கொண்ட மற்றதிலிருந்து அந்தத் தகடு அதற்கு முன்பே போய்விட்டது. அதாவது படம் 1939 மார்ச்சுக்குப் பிந்தியது, 1942 ஏப்ரலுக்கு முந்தியது. 60006 என்ற இலக்கம் தெரிந்தால், பெயர் அதேதான், ஆள் வேறு. அப்படிப் பிழையான பெயரில் வைக்கப்பட்டிருந்த படமொன்று சரியான இடத்துக்குப் போகும்போது அந்த மனிதர்கள் சந்தோசப்படுவதைப் பார்த்தால், எங்கள் ஊர்களில் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் அம்மாக்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களுக்கும் அந்தப் படம் எப்போது, எங்கே எடுத்தது என்ற கேள்விக்குத்தான் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுப் படத்துக்கு நான் இன்னும் திகதி கண்டுபிடிக்கவில்லை. எஞ்சினின் இலக்கம் அம்மப்பாவின் தோளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. புகைபோக்கியின் விளிம்பும், வலப்பக்கச் சில்லில் பாதியும் மட்டும் தெரிகின்றன.

யோர்க்கில் குண்டு விழுந்த அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தேசிய ரயில்வே நூதனசாலை இருக்கிறது. உள்ளே நீல நிறத்தில், சில்லுகளை மூடிய தகடுகளோடு, 4468 நிற்கிறது.